தட்டு வராத ஊர்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எலாதியோவுக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. மே மாதம்தான். அதற்குள் செவில்லாவில் வெயில் மண்டையைப் பிளந்தது. கிரனாடாவில் விடிகாலை மலைக்காற்றுக்குப் பயந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பியவர், இப்போது அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஸ் நிலைய வாசலில் மகளைத் தேடினார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். வழி நெடுக ஆலிவ் தோப்புகளைப் பார்த்தபடி அதைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். "நூரியா, திங்கக்கெழமைல இருந்து திரினி நம்ம வீட்டுக்கு வந்துடறா." அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு மூச்சை ஒன்றரை வருஷமாக அவரால் விட முடியவில்லை.

எலாதியோவுக்கு ஜன்னல் ஷட்டர் ரிப்பேர் செய்யும் கடை. அதற்கு அடுத்த கடை திரினியுடையது. பொத்தான், ஜிப், நூல், லேஸ் விற்கிறாள். கணவனை விட்டுப் பிரிந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. எலாதியோவின் மனைவி இறந்து நான்கு வருஷம். முதலில் கடை வாசலில் நின்று பேசினார்கள். பிறகு மதியச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கையைக் கோர்த்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பேட்டைக்கே தெரியும். நூரியாவுக்கு மட்டும் தெரியாது.

திரினி நேற்று கடையைப் பூட்டிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருந்தது.

"யோவ், நேர்ல போய்ச் சொல்லிட்டு வா. சொல்லாம வந்தேன்னு வை, நான் பெட்டியத் தூக்க மாட்டேன். உம் பொண்ணு திடீர்னு வந்து கதவத் தட்டுனா, நான் போய் அலமாரிக்குள்ள ஒளியணுமா? ஒளிஞ்சு குடித்தனம் பண்ற வயசா எனக்கு?"

"சொல்லிடுவேன்."

"இதத்தான் கிறிஸ்துமஸ் அன்னிக்கும் சொன்ன."

கிறிஸ்துமஸுக்கு நூரியா வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று சொல்லவில்லை. அவளுடைய பிறந்தநாளுக்குப் போன் செய்தார். அன்றும் சொல்லவில்லை. இனி திரினியை ஏமாற்ற முடியாது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

"அப்பா."

நூரியா ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பின்னால் குர்ரோ வந்தான். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் செவில்லாப் பையன், லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். வந்ததும் எலாதியோவைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான்.

"வாங்க மாமா. கிரனாடால எல்லாரும் சௌக்கியமா? இன்னும் யாரும் சிரிக்கலையா?"

கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் மாமாவாம். எலாதியோ ஸ்வெட்டரை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். கிரனாடாக்காரர்கள் மூஞ்சியை உர்ரென்று வைத்திருப்பார்கள் என்பது நாடு முழுக்கச் சொல்லும் பேச்சு. அதற்குச் சிரித்துக் காட்டினாலும் தோல்வி, முறைத்துக் காட்டினாலும் தோல்வி.

"வயித்தக் காலியா வச்சிருக்கியாப்பா?" என்றாள் நூரியா.

"காபி மட்டும்தான்."

"நல்லது. இன்னிக்கு உன்ன நாலு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாம் நானே அலைஞ்சு கண்டுபிடிச்சது. கேமராவத் தூக்கிட்டு ஒருத்தன் வரமாட்டான். முழுக்க இந்த ஊர் ஜனம்."

"நாலு எடமா? ஒரு எடத்துல உக்காந்து நிம்மதியாப் பேசலாமேம்மா."

"இங்க யாரும் அப்படி உக்கார மாட்டாங்கப்பா. ஒரு கடைல ஒண்ணுதான் பிரமாதமா இருக்கும். அதத் தின்னுட்டு அடுத்த கடைக்குப் போயிடணும்."

எலாதியோவின் கணக்கு அங்கேயே உடைந்தது.

குடிக்கும்போது தின்னும் சின்னச் சின்னத் தட்டுகளுக்குத் தபாஸ் என்று பெயர், அவர் ஊரில் அது வேறு விதம். கவுண்டரில் போய் நிற்கவேண்டும், பீர் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பீரோடு ஒரு தட்டு தானாக வரும். அதில் என்ன இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை, கடைக்காரனும் சொல்வதில்லை, காசும் கிடையாது. இரண்டாவது பீருக்கு வேறு தட்டு, மூன்றாவதுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல தட்டு. சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலையே இல்லாததால், வாய் பேச்சுக்கு மட்டும்தான். முதல் தட்டுக்கு ஊர் வம்பு. இரண்டாவது தட்டுக்கு யாருக்கு உடம்பு சரியில்லை என்பது. மூன்றாவது தட்டு வரும்போது மெல்ல விஷயத்துக்கு வருவார்கள். அவர் தன் தம்பியிடம் சொத்துப் பேச்சு பேசியது அப்படித்தான். தம்பி அவரிடம் தனக்குப் புற்றுநோய் என்று சொன்னதும் அப்படித்தான். அதே வழியில்தான் இதையும் சொல்ல நினைத்திருந்தார்.

முதல் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நீளமான மரக் கவுண்டர், கூரையிலிருந்து தொங்கும் பன்றித் தொடைகள், பின்னால் அடுக்கிய ஒயின் பீப்பாய்கள். நாற்காலி என்ற பொருளே இல்லை. ஜனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. குர்ரோ உள்ளே நுழைந்ததும் யாரோ அவன் பெயரைக் கூவினார்கள். அவன் அந்தப் பக்கம் போய்விட்டான்.

"என்னப்பா வேணும்?" நூரியா கேட்டாள்.

"பீர்."

"சாப்பிட?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. 'நூரியா, உன்கிட்ட ஒரு விஷயம்' என்று ஆரம்பிப்பதா, 'திரினியத் தெரியும்ல உனக்கு' என்று ஆரம்பிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நூரியா அவர் முகத்தைப் பார்த்தாள், தோளைக் குலுக்கினாள். "சரி, இன்னிக்கு என்ன நல்லா இருக்குன்னு அந்தக் கோடில கேட்டுட்டு வரேன்" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

பீர் வந்தது. அவர் காத்திருந்தார்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் குண்டானவர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டவர். எலாதியோவைத் தாண்டித் தாண்டித் தட்டுகள் போயின. அவர் முன்னால் ஒன்றும் வரவில்லை. அவர் ஒரு வாய் குடித்தார். மறுபடி காத்திருந்தார். செவில்லாவில் கேட்டு வாங்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. யாருக்குத்தான் தெரியாது. ஆனால் அறுபது வயது வரை பீரோடு தட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? வெறும் பீர் கிளாஸ் அவர் எதிரே அநாதை மாதிரி நின்றது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திரினி. அவர் எடுக்கவில்லை.

அப்போது அவர் கையோரம் ஒரு சின்னத் தட்டு வந்து உட்கார்ந்தது. கீரையும் கொண்டைக்கடலையும் குழைய வேகவைத்து, மேலே பொரித்த ரொட்டித் துண்டு செருகியிருந்தது.

ஒருவழியாக வந்ததே என்று எலாதியோ முள்கரண்டியை எடுத்தார். நல்ல சூடு. பாதித் தட்டு காலியாகும்போது நூரியா திரும்பி வந்தாள். குர்ரோ இன்னும் அந்தக் கோடியில்தான் இருந்தான். இதைவிட நல்ல நேரம் வராது.

"நூரியா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுப்பா."

"நம்ம கடைக்கு அடுத்தாப்புல..."

"அண்ணே," என்று பக்கத்தில் ஒரு குரல். இஸ்திரி போட்ட சட்டை, மடித்த செய்தித்தாள், எலாதியோ வயதுதான் இருக்கும். "நல்லா இருக்கா?"

"இருக்கு. சீரகம் கொஞ்சம் தூக்கல்."

"எனக்கு அப்படித்தான் பிடிக்கும். அதனாலதான் கேட்டு வாங்கினேன்."

எலாதியோ தட்டைப் பார்த்தார், பக்கத்து ஆளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நூரியா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கழுத்திலிருந்து காது வரை அவருக்குச் சூடு ஏறியது.

கவுண்டர்காரருக்கு விஷயம் எட்டிவிட்டது. "எந்த ஊரு ராசா நீ?"

"கிரனாடா."

அந்த வரிசையே சிரித்தது. "அட, கிரனாடாவா. அப்ப அவர ஒண்ணும் சொல்லாதீங்கய்யா. அங்கெல்லாம் ஒரு பீர் வாங்கினா ஒரு கல்யாணச் சாப்பாடே போடுவானுங்க. பாவம், மனுஷன் பழக்க தோஷத்துல கைய வச்சுட்டாரு."

"பரவால்ல அண்ணே, சாப்டுங்க," என்றார் பக்கத்து ஆள். "எனக்கு இன்னொண்ணு வரும்."

குர்ரோ சத்தம் கேட்டு ஓடிவந்தான். "என்ன மாமா, ஊருக்குள்ள வந்த உடனே திருட ஆரம்பிச்சாச்சா? சும்மா குடுத்தாத்தான் உங்க ஊருல திம்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"காசு குடுத்துத் திங்கற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல," என்றார் எலாதியோ.

சிரிப்பு நின்றது. கவுண்டர்காரர் துணியால் மரத்தை அழுத்தித் துடைத்தார். எலாதியோவின் மனதில் இருந்தது அந்த வார்த்தை இல்லை. குர்ரோவைக் குத்தத்தான் சொன்னார். ஆனால் குத்து போய்ச் சேர்ந்தது வேறு இடத்தில். நூரியாவின் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"இந்தக் கடைக் கீரைக்காகத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "அம்மா பண்ண மாதிரியே இருக்கும்னு."

உண்மையில் அப்படித்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் சங்கடம். அதை இப்போது எப்படிச் சொல்வது.

இரண்டாவது கடைக்கு நடந்தார்கள். நடையென்றால் நல்ல நடை. எலாதியோவுக்கு இடது முழங்கால் வலித்தது. ஷட்டர் சுருளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முழங்கால். நூரியா முன்னால் போனாள், அடிக்கடி திரும்பிப் பார்த்து நின்றாள். அவர் வலியைக் காட்டக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டார். அந்த இறுக்கமான முகத்தை அவள் எப்படிப் படித்தாள் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அது நத்தைக் கடை. வருஷத்தில் இந்த ஒன்றிரண்டு மாதம்தான் நத்தை. கடைக்குள் இடமில்லாமல் ஜனம் தெருவில் நின்று, கிளாஸில் நத்தையை வாங்கி, ஓட்டோடு உறிஞ்சி, காரச் சாற்றைக் குடித்தது. தெருவெல்லாம் உறிஞ்சும் சத்தம். எலாதியோவுக்கு நத்தை பிடிக்கும். கிரனாடாவிலும் தின்பார்கள்தான். ஆனால் ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் பீர், அக்குளில் ஸ்வெட்டர், இதில் எந்தக் கையால் நத்தையை எடுப்பது?

"குடுங்க மாமா, நான் பிடிச்சுக்கறேன்" என்று குர்ரோ ஸ்வெட்டரை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். நல்ல பையன்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எலாதியோ மகள் பக்கம் சாய்ந்தார். "நூரியா, அங்க சொல்ல வந்தேன்ல..."

"டேய் குர்ரோ." எவனோ ஒரு ரஃபா, கூடவே அவன் மனைவி, தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. முத்தங்கள், முதுகில் தட்டல்கள். "இவருதான் நூரியாவோட அப்பாவா? ஏய், உங்க அப்பா உன்ன மாதிரியே இருக்காரு, மீசை மட்டும் வேற."

ரஃபா போனால் இன்னொருவன். அவன் போவதற்குள் குர்ரோவின் அத்தை. செவில்லாவில் தெருவில் நிற்பதென்றால் ஊர்வலம் பார்க்க நிற்பது மாதிரி, எல்லோரும் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரும் வந்து எலாதியோவிடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் சொல்வதற்குள், இங்கே எங்கே என்ன தின்னவேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். அந்தக் கடை மீனுக்கு, இந்தக் கடை ஈரலுக்கு, அங்கே போகாதே எண்ணெய் சரியில்லை, அவன் அண்ணன் நடத்தும்போது நன்றாக இருந்தது. ஒரு மணி நேரம். அவ்வளவும் தின்பதைப் பற்றிய பேச்சு. அவர் வயிற்றில் பாதித் தட்டுக் கீரையும் நான்கைந்து நத்தையும் மூன்று பீரும் இருந்தன. போன் மறுபடி அதிர்ந்தது.

"யாருப்பா விடாம கூப்புடறா?" என்றாள் நூரியா.

இதோ, இதுவே வாசல். திரினி என்று சொன்னால் போதும்.

"கடை விஷயம்," என்றார்.

சொன்ன பிறகு தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சரி, அடுத்த எடத்துக்குப் போலாம்," என்று நூரியா கண்ணைச் சிமிட்டினாள். காலையிலிருந்து முதல்முறையாகப் பழைய நூரியா. "அந்தக் கடைதான் இன்னிக்கு மெயின். பாலத்தத் தாண்டி, த்ரியானாப் பேட்டைல."

"பாலத்தத் தாண்டியா?"

"கொஞ்ச தூரம்தான்."

கொஞ்ச தூரம் இல்லை. பாலத்தில் நிழலே கிடையாது. கீழே ஆறு அசையாமல் கிடந்தது. குர்ரோ ஏதோ பாடிக்கொண்டே வந்தான். எலாதியோ பாலத்தின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆற்றைப் பார்ப்பது போல நின்றார். மாலை பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று மனதில் கழித்துப் பார்த்தார். சொல்லாமல் போய் இறங்கினால், திரினி கடை வாசலில் நின்றுகொண்டு ஒன்றும் கேட்கமாட்டாள். முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவாள். அவர் ரிப்பேர் செய்து கொடுத்த ஷட்டர்.

மூன்றாவது கடை வாசலுக்குப் போனதும் நூரியா அப்படியே நின்றுவிட்டாள்.

கடை முழுக்க வெள்ளை. கூரையில் வெள்ளை பலூன், மேஜையில் வெள்ளைத் துணி, நடுவில் வெள்ளை கவுன் போட்ட ஒரு சிறுமி, கல்யாணப் பெண் மாதிரி தலையில் பூ வளையம். சர்ச்சில் அவள் முதல் நற்கருணை வாங்கியதற்கான விருந்து. அத்தைகள், சித்தப்பாக்கள், கத்தும் குழந்தைகள். வாசலில் நின்ற கடைக்காரி நூரியாவைப் பார்த்ததும் கையைப் பிசைந்தாள்.

"கண்ணு, மன்னிச்சுக்கோடி. எம் மச்சினன் பொண்ணு. அவங்க புடிச்சு வச்ச ஹால்ல தண்ணிக் குழாய் வெடிச்சிருச்சு. நேத்து ராத்திரி வந்து அழுவுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"மூலை மேஜை மட்டும் போதும் அக்கா. ஒரே ஒரு மேஜை. எனக்கு வச்சிருக்கேன்னு சொன்னீங்க."

"அதுலதான்டி கேக்கு இருக்கு."

குர்ரோ உள்ளே எட்டிப் பார்த்தான். "மேஜை இல்லாட்டி என்ன, பொரிச்ச மீன் பொட்டலமாக் குடுப்பாங்கல்ல? நான் வாங்கிட்டு வரேன். நீங்க நிழல்ல நில்லுங்க மாமா." அவன் வெள்ளைக் கூட்டத்துக்குள் மறைந்தான்.

தெருவோர ஆரஞ்சு மரத்தடியில் அப்பாவும் மகளும் தனியாக நின்றார்கள். காலையிலிருந்து முதல் தனிமை. சொல்லவேண்டியது இப்போதுதான். எலாதியோ வாயைத் திறந்தார். ஆனால் முழங்கால் வலியும் பசியும் வெயிலும் அவரை முந்திக்கொண்டன.

"ஒரு வாய் சோத்துக்கு மனுஷன் ஊரச் சுத்தணுமா? நாலு கடை ஏறி எறங்கி, நின்னு நின்னு, கெஞ்சி வாங்கித் திங்கணுமா? எங்க பேட்டைல எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் இதவிட மரியாதை இருக்கும். இதப் பாக்கவா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?"

கடைக்குள் யாரோ கைதட்டினார்கள், கேக்கை வெட்டுகிறார்கள் போல.

"நாலு கடை இல்லப்பா. ஒரே கடைதான். இதுதான்," என்றாள். "இந்த ஏரியாலயே சாஞ்சு உக்கார்ற மாதிரி நாற்காலி இருக்கறது இங்க மட்டும்தான். உன் கால் வலி எனக்குத் தெரியாதா? மத்ததெல்லாம் போற வழியில ருசி பாக்க மட்டும். நீ என்னிக்காவது வருவேன்னு நான் ஒவ்வொரு சனிக்கெழமையும் கடை கடையாப் போய்ப் பாத்தேன். இது அப்பாவுக்குப் பிடிக்குமா, இங்க சத்தம் ஜாஸ்தியா, இவன் உப்பு கூடப் போடறானான்னு. குர்ரோ கேலி பண்றான், உங்க அப்பா வரப்போறாரா இல்ல ராஜா வரப்போறாரான்னு. நீ காலைல பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. அவன் என்ன சொன்னாலும் கடிக்கற. உனக்கு நான் இங்க இருக்கறது பிடிக்கல. அவனப் பிடிக்கல. அதானே? அதச் சொல்லிட்டுப் போயேன்."

"அது இல்ல."

"வேற என்ன?"

"திங்கக்கெழமைல இருந்து திரினி வீட்டுக்கு வரா."

பஸ்ஸில் பழகிய அதே வாக்கியம்தான். ஆனால் கோபத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததால், திட்டுவது மாதிரி விழுந்தது.

"எந்தத் திரினி?"

"பக்கத்துக் கடை."

"பொத்தான் கடை திரினியா?" நூரியா புரியாமல் பார்த்தாள். "எதுக்கு வரா?"

மகளின் முகத்தில் அது மெல்ல மெல்லப் போய்ச் சேர்வதைப் பார்த்தார். அவள் ஆரஞ்சு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குர்ரோ வந்தான். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம், வினிகரில் ஊறவைத்துப் பொரித்த மீன், ஆவி பறந்தது. "சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க. ஒரு பாட்டி எனக்காகச் சண்டை போட்டு..." இரண்டு பேரையும் பார்த்தான். "நான் வேணும்னா பீர் வாங்கிட்டு வரவா?"

"போ," என்றாள் நூரியா. அவன் பொட்டலத்தோடே திரும்பிப் போனான்.

"எவ்ளோ நாளா?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"அப்ப கிறிஸ்துமஸுக்கு நான் வந்தப்ப..."

"ஆமா."

"அவ கடைலதான் உனக்கு ஸ்வெட்டருக்குப் பொத்தான் வாங்கினேன். அவளே கைல எடுத்துக் குடுத்தா. ஒண்ணும் சொல்லல."

"நாந்தான் உங்கிட்ட சொல்லணும்னு அவ காத்திருந்தா. நீ நெனைக்கற மாதிரி அவ மேல தப்பு இல்ல."

"நான் அவளச் சொல்லல." நூரியா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா போனப்பறம் எத்தன தடவ கூப்பிட்டேன்? பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பவான்னேன். கடைய விட்டு வரமுடியாதுன்ன. ஷட்டர் வேலை இருக்குன்ன. கால் வலின்ன. போன வாரம் நீயே போன் பண்ணி சனிக்கெழமை வரேன்னு சொன்னப்ப, நான் குளிக்காம கொள்ளாம ஓடிப்போய் இந்த மேஜையச் சொல்லி வச்சேன். அப்பா என்னப் பாக்க வராருன்னு. நீ வந்தது இதுக்கா?"

இதற்கு எலாதியோ தயாராக இருக்கவில்லை. அம்மாவின் பெயரைச் சொல்லி அழுவாள், அலமாரி யாருக்கு, சமையலறை யாருக்கு என்று கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தார். பொய் ஒன்று நுனிநாக்கு வரை வந்தது. அதைக் கடித்து விழுங்கினார்.

"ஆமா," என்றார். "இதச் சொல்லத்தான் வந்தேன்."

நூரியா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைக்குள் சிறுமிக்காக எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள்.

"போன்ல சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"போன்ல சொல்ற விஷயமாம்மா இது?"

"இல்லதான்."

"அந்தக் கீரை..." என்று ஆரம்பித்தார். "உங்க அம்மா பண்ணது மாதிரியேதான் இருந்துச்சு. நான் சும்மா அந்தப் பையனுக்காக அப்படிச் சொல்லிட்டேன்."

"தெரியும். பாதித் தட்ட அதுக்குள்ள காலி பண்ணியிருந்த." அவள் சிரிக்கவில்லை.

திரும்பிப் போகும்போது பாலத்தில் குர்ரோகூடப் பாடவில்லை. அவன் ஓடிப்போய் ஒரு டாக்ஸியை நிறுத்தி, எலாதியோவை முன்சீட்டில் உட்காரவைத்து, அவர் காலை நீட்டிக்கொள்ள இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டான். பின்சீட்டில் நூரியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை.

பஸ் நிலையத்தில் குர்ரோ கை கொடுத்தான். "சந்தோஷம் மாமா," என்று மெதுவாகச் சொன்னான். கேலியா வாழ்த்தா என்று எலாதியோவுக்குப் புரியவில்லை. பிறகு வாழ்த்துதான் என்று புரிந்தது. "நீயும் பாத்துக்கோ தம்பி" என்றார்.

நூரியா கன்னத்தில் முத்தமிட்டாள். ஒரு கன்னத்தில் மட்டும்.

"நான் கொஞ்ச நாள் அங்க வரமாட்டேன்பா," என்றாள். "அவ மேல கோவம் இல்ல. எனக்கு அந்த வீட்ட வேற மாதிரிப் பாக்க இன்னும் மனசு வரல. தப்பா எடுத்துக்காத."

"சரிம்மா."

"நீ வா. அடுத்த மாசம் வா. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாதப்ப வா."

"அவளையும்..."

"தனியா வா," என்றாள் நூரியா. "எங்கூட உக்காந்து சாப்பிட."

பஸ் கிளம்பி ஊரைத் தாண்டும்வரை அவர் காத்திருந்தார். பிறகு போனை எடுத்தார். திரினி மணி அடித்த உடனே எடுத்துவிட்டாள்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

எலாதியோ யோசித்தார். நல்லவிதமாகச் சொன்னாள் என்று சொல்லலாம். அழுதாள் என்றும் சொல்லலாம். இரண்டுமே முழுசாகச் சரியில்லை.

"எம் மேல கோவமா இருக்கா. உம் மேல இல்ல. கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வரமாட்டாளாம். அடுத்த மாசம் நான் மட்டும் போகணும். இனிமே மாசா மாசம் போகணும்னு நெனைக்கறேன்."

"போ. யாரு வேண்டாங்கறா?" என்றாள் திரினி. கொஞ்சம் பொறுத்து, "அப்ப நான் பெட்டியக் கட்டவா, வேண்டாமா? உன் வாயால சொல்லு."

"கட்டு," என்றார் எலாதியோ.